பழைய 12 வால்வு கம்மின்ஸ் டீசலை ஃபோர்டு பிக்கப்பில் பொருத்துவது பற்றி

கேள்வி சுருக்கமாக இது. அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-250 பிக்கப் வைத்திருக்கும் ஒருவர், அதிலுள்ள 6.0 லிட்டர் டீசலை எடுத்துவிட்டு, 1990-களின் டாட்ஜ் ராமில் வந்த 5.9 லிட்டர், 12 வால்வு (சிலிண்டருக்கு இரண்டு வால்வு) கம்மின்ஸ் இன்ஜினை வைக்கலாமா என்று கேட்கிறார். சென்சார்களும் கணினியும் இல்லாத, கையில் ஸ்பானர் இருந்தால் சரிசெய்யக்கூடிய வண்டி வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் விரும்பும் இன்ஜின் அந்த விருப்பத்துக்கு முற்றிலும் தகுதியானது. அதை வைக்க நினைக்கும் வண்டிதான் தகுதியானதல்ல. அந்த இன்ஜினின் எளிமை மாற்றத்துக்குப் பிறகும் மிஞ்ச வேண்டுமென்றால், அதைச் சுற்றியுள்ள வண்டியும் அதே அளவு எளிமையாக இருக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டு வண்டி அப்படிப்பட்டதல்ல. சட்டமும் அதற்கு இடம் தருவதில்லை. 1986-க்கும் 1994-க்கும் இடைப்பட்ட எஃப்-350 கிடைத்தால் கதையே வேறு. இதற்கான காரணங்களையும், அப்படி ஒரு வண்டியில் வேலையை எப்படிச் செய்வது என்பதையும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இன்ஜினைப் பற்றி. கம்மின்ஸ் நிறுவனம் பி வரிசை இன்ஜின்களை 1980-களின் தொடக்கத்தில், டிராக்டர்களும் கட்டுமான இயந்திரங்களும் செய்துவந்த ஜே.ஐ. கேஸ் நிறுவனத்தோடு கூட்டாக உருவாக்கியது. நாள் முழுவதும் சுமையை இழுத்துக்கொண்டு ஒரே வேகத்தில் ஓடவேண்டிய இயந்திரங்களை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்ட இன்ஜின் அது. 1989 மாடல் ஆண்டில் டாட்ஜ் அதைத் தன் பிக்கப்பில் கொண்டுவந்தபோது, மற்றக் கம்பெனிகளின் பிக்கப்களில் இருந்த வி-8 டீசல்களுக்கு நடுவில் இது ஒரு லாரி இன்ஜினாகவே வந்து நின்றது. வரிசையில் 6 சிலிண்டர்கள். 102 மில்லிமீட்டர் போர், 120 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. எடை ஏறத்தாழ 500 கிலோ. கேம் ஷாஃப்டைச் சுழற்ற பெல்ட்டோ செயினோ கிடையாது. கிராங்க்கிலிருந்து நேராகப் பல்சக்கரங்கள். டீசல் நேரடியாகப் பிஸ்டன் தலைமேல் பீய்ச்சப்படுவதால் குளிர்காலத்தில் கிளப்ப, சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக் தேவையில்லை. உள்ளே வரும் காற்றைச் சூடாக்க இன்டேக் வாயில் ஒரு மின்கம்பி வலை மட்டும் இருக்கிறது. வலை எரிந்துபோனாலும், கடுங்குளிர் இல்லாத ஊரில் இன்ஜின் கிளம்பிவிடும்.

இந்தக் குடும்பம் இந்தியாவில் லாரி ஓட்டியவர்களுக்கும் பழக்கமானதுதான். 1993-இல் தொடங்கப்பட்ட டாட்டா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் தயாரித்த 6 சிலிண்டர் 5.9 லிட்டர் இன்ஜின்தான் டாட்டாவின் கனரக லாரிகள் பலவற்றில் ஓடியது. அந்த லாரிகளில் டீசல் பம்ப்பையும் நாசிலையும் கழற்றிப் பூட்டிய கைகளுக்கு டாட்ஜ் பானெட்டைத் திறந்தால் புதிதாகக் கற்க வேண்டியது அதிகம் இருக்காது.

எளிமை என்று மக்கள் சொல்வதெல்லாம் உண்மையில் அந்த டீசல் பம்ப்பில்தான் இருக்கிறது. 1989 முதல் 1993 வரையிலான டாட்ஜ் இன்ஜின்களில் பாஷ் வி.இ. என்ற சுழல் வகைப் பம்ப் இருந்தது. 1994 முதல் 1998-இன் நடுப்பகுதி வரை பாஷ் பி7100 என்ற வரிசை வகைப் பம்ப். இரண்டுமே முழுக்க இயந்திர வகை. பி7100-இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளஞ்சர், அவற்றைத் தூக்க உள்ளே ஒரு கேம் ஷாஃப்ட், டீசல் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு ரேக், வேகத்தைக் கட்டுப்படுத்த எடைகளும் ஸ்பிரிங்குகளும் கொண்ட கவர்னர் ஆகியவை இருக்கின்றன; அதன் கேமுக்கும் தாங்கிகளுக்கும் இன்ஜின் ஆயிலே உயவு தருகிறது. வி.இ. பம்ப்பில் டீசலே உயவு. 2006 முதல் அமெரிக்கச் சாலைகளுக்கு வந்த டீசலில் கந்தகம் 15 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 15 பங்கு) அளவுக்குக் குறைக்கப்பட்டபோது பழைய பம்ப்களைப் பற்றி எழுந்த கவலை, இந்தக் காரணத்தால் பி7100 உரிமையாளர்களை அவ்வளவாகத் தொடவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க இந்தப் பம்ப்புக்குத் தேவையான மின்சாரம், டீசலை நிறுத்தும் சோலனாய்டுக்குப் போகும் 12 வோல்ட் மட்டுமே. 1998-இன் நடுவில் வந்த 24 வால்வு இன்ஜினில் வி.பி.44 என்ற மின்னணுப் பம்ப் வந்தது. 2003-இல் வந்தது, கணினி கட்டுப்படுத்தும் காமன் ரெயில் என்ற உயரழுத்த டீசல் அமைப்பு. எனவே எளிமையைத் தேடுபவர் 1998-இன் முதற்பாதியோடு நின்றுவிட வேண்டும்.

இனி, பலர் கேட்க விரும்பாத ஒரு விஷயம். பழைய கம்மின்ஸ் வலிமையானது, ஆனால் வேகமானதல்ல. 1989-இல் அது 160 குதிரைத்திறனும் 400 பவுண்டு-அடி டார்க்கும் தந்தது. 1996 முதல் 1998 வரை கை கியர் பெட்டியோடு வந்த உயர்ந்த அமைப்பிலும் 215 குதிரைத்திறன், 440 பவுண்டு-அடிதான். உங்கள் 2005 வண்டியின் 6.0 லிட்டர் இன்ஜின் 325 குதிரைத்திறனும் 570 பவுண்டு-அடியும் தருவதாக விற்கப்பட்டது. மாற்றிய பிறகு, பின்னால் டிரெய்லரோடு மலையேறும்போது இந்த வேறுபாட்டை முதல் நாளே உணர்வீர்கள். பி7100 பம்ப்பைத் திறந்து, டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் தகட்டை நகர்த்தியோ மாற்றியோ திறனைக் கூட்டலாம். அது எளிய வேலை. ஆனால் டீசலைக் கூட்டும் அளவுக்குக் காற்றைக் கூட்டாவிட்டால் கரும்புகைதான் வரும். புகைக்குழாய் வெப்பம் ஏறி, அலுமினிய பிஸ்டன்கள் உருகும் நிலைக்குப் போகும். டர்போவுக்கு முன் ஒரு வெப்பமானியைப் பொருத்தி, சுமையில் தொடர்ந்து ஓடும்போது 675 பாகை செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள முடியாதவர் அந்தத் தகட்டைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, உங்கள் வண்டியிலேயே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ். இன்ஜினை எடுத்துவிட்டால் கணினியும் போய்விடும் என்று நினைக்கிறோம். 2005 வண்டியில் அப்படி ஆவதில்லை. ஆக்சிலரேட்டர் மிதி கம்பி இழுப்பதல்ல, மின்னணுச் சமிக்ஞை அனுப்புவது. மீட்டர் பலகை, இன்ஜின் கணினி அனுப்பும் தகவலைத்தான் காட்டுகிறது. கணினி மௌனமானால் வெப்ப முள்ளும் சுழற்சி முள்ளும் படுத்துவிடும். டார்க்ஷிஃப்ட் தானியங்கி கியர் பெட்டி, இன்ஜின் எவ்வளவு டார்க் தருகிறது என்ற செய்தி வராமல் கியர் மாற்றாது. அதற்குத் தனியாக ஒரு கட்டுப்பாட்டுக் கணினி வாங்க வேண்டும். பழைய இன்ஜினிடம் தகவல் தரச் சென்சார் எதுவும் இல்லாததால், அதன்மேல் புதிய சென்சார்களைப் பொருத்தி அந்தப் புதிய கணினிக்குத் தீனி போட வேண்டும். தொழிற்சாலை செய்த மின்னணுவியலை விட்டு ஓடப் பார்த்து, நாமே இணைத்த வயர்களால் ஆன மின்னணுவியலில் போய் நிற்போம். பத்து ஆண்டு கழித்து அந்த வயர்களில் பழுது வந்தால் பார்த்துச் சரிசெய்ய எந்தப் புத்தகத்திலும் வரைபடம் இருக்காது.

சட்டத்தைப் பற்றி நேராகப் பேசுவது அவசியம். அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம், சான்றளிக்கப்பட்ட வண்டியின் புகைக்கட்டுப்பாட்டு அமைப்பைக் கழற்றுவதையும் செயலிழக்கச் செய்வதையும் தடைசெய்கிறது. இன்ஜின் மாற்றத்தைப் பொறுத்தவரை சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிலைப்பாடு நெடுங்காலமாக ஒன்றுதான்: மாற்றிய பிறகு கிடைப்பது, வண்டியின் மாடல் ஆண்டுக்குச் சமமான அல்லது அதைவிடப் புதிய, சான்று பெற்ற ஓர் அமைப்பாக இருக்க வேண்டும், எஃப்-250 போன்ற கனரகப் பிரிவு வண்டியில், வைக்கப்படும் இன்ஜின் முதலில் இருந்த இன்ஜினின் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதைவிடப் புதியதாகவோ இருக்க வேண்டும். 1996 இன்ஜினை 2005 வண்டியில் வைப்பது இந்த நிபந்தனைக்கு நேர் எதிரானது. உங்கள் மாநிலத்தில் புகைப் பரிசோதனையே இல்லாவிட்டாலும் கூட்டாட்சிச் சட்டம் இருந்துகொண்டே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் இது இன்னும் கண்டிப்பானது: 1998-உம் அதற்குப் பிந்தையதுமான, 14,000 பவுண்டு வரையிலான டீசல் வண்டிகள் 2010 முதல் பரிசோதனைக்கு உட்பட்டவை, இன்ஜின் மாற்றிய வண்டியை அரசு நியமித்த நடுவர் பார்த்துத்தான் ஒப்புதல் தருவார். ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்று சொல்லி உங்களை இதில் இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. வண்டியை விற்க வேண்டிய நாளில் அந்த எல்லாரும் உங்களோடு நிற்கப் போவதில்லை.

ஆகவே 2005 வண்டிக்கு என் பரிந்துரை: 6.0 லிட்டர் இன்ஜினையே ஒருமுறை முறையாகச் சரிசெய்யுங்கள். அதன் பலவீனங்கள் இன்று நன்கு தெரிந்தவை. ஆயில் குளிர்விப்பான் அடைத்துக்கொள்வது, அதனால் புகை மறுசுழற்சிக் குளிர்விப்பானுக்குக் கூலன்ட் போதாமல் அது வெடிப்பது, பிறகு ஹெட் கேஸ்கெட் போவது என்று ஒன்றிலிருந்து ஒன்று தொடர்கிறது. கேஸ்கெட்டை மட்டும் மாற்றிவிட்டுக் குளிர்விப்பான்களை அப்படியே விடுபவர்களுக்கு அதே பழுது திரும்ப வருவது இதனால்தான். இரண்டையும் சேர்த்து மாற்றி, ஹெட் போல்ட்டுகளுக்குப் பதில் வலுவான ஸ்டட்டுகள் போடும் செலவு, ஒரு நல்ல இன்ஜின் மாற்றத்தின் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். கம்மின்ஸ்தான் வேண்டுமென்றால் 2005 அல்லது அதற்குப் பிந்தைய ராம் 2500-இன் காமன் ரெயில் 5.9 லிட்டர் இன்ஜினை, அதன் புகைக்கட்டுப்பாட்டுப் பாகங்கள் அனைத்தோடும் வைத்தால் ஆண்டுக் கணக்கு ஒத்துவரும். ஆனால் நீங்கள் விலக நினைத்த கணினியே கூட வரும்.

இனி, செய்யத்தக்க வழி. 1986 முதல் 1994 வரையிலான எஃப்-350, நான்கு சக்கர இயக்கத்தோடு, முதலில் டீசலாகவே விற்கப்பட்டது ஒன்றைத் தேடுங்கள். இந்த ஆண்டுகளை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃபோர்டு 1983 முதல் 1994 வரை இன்டர்நேஷனல் நிறுவனத்தின் 6.9 லிட்டர், பிறகு 7.3 லிட்டர் மறைமுகப் பீய்ச்சல் டீசல்களை வைத்தது. அவையும் இயந்திரப் பம்ப் கொண்டவை. அதனால் அந்த வண்டிகளில் ஆக்சிலரேட்டர் கம்பியாக இருக்கிறது; இன்ஜின் கணினி என்று ஒன்று கிடையாது; டீசல் போகவும் திரும்பவும் குழாய்கள் ஏற்கெனவே ஓடுகின்றன; இரண்டு பேட்டரிகளுக்கான இடமும் இருக்கிறது. 1994-இன் நடுவில் பவர் ஸ்ட்ரோக் என்ற புதிய டீசல் இன்ஜின் வந்தபோது மின்னணு மிதியும் கணினியும் கூடவே வந்தன. அதற்கு முன் நின்றுவிடுவது நல்லது. எஃப்-250-ஐ விட்டு எஃப்-350-ஐச் சொல்வது முன் ஆக்சிலுக்காக. அந்தக் கால நான்கு சக்கர இயக்க எஃப்-250-இல் முன்பக்கம் இரண்டாகப் பிரிந்த ஆக்சில் இருக்கும். கூடுதல் எடை ஏறினால் சக்கரங்களின் சாய்வு மாறி டயர் ஒருபக்கம் தேயும். நடுவில் வரும் குறுக்குச் சட்டம் ஆயில் சம்ப்புக்கு இடமும் தராது. 1986 முதல் எஃப்-350-இல் வந்தது டானா 60 என்ற ஒரே துண்டாலான முரட்டு ஆக்சில். அதன்மேல் வில்பட்டைகளைப் பலப்படுத்துவது எளிது. கம்மின்ஸ் பழைய வி-8-ஐவிட ஏறத்தாழ 100 கிலோ கூடுதல் எடை கொண்டது என்பதால் முன் வில்பட்டைகளை மாற்றாமல் விடக் கூடாது.

ஆண்டுக் கணக்கும் இங்கே பொருந்துகிறது: 1990 வண்டியில் 1996 இன்ஜின் என்றால் இன்ஜின் வண்டியைவிடப் புதியது. அந்த இன்ஜின் எந்த அமைப்பில் சான்று பெற்றதோ அதே அமைப்பில், புகைக்குழாயில் வினையூக்கி இருந்திருந்தால் அதுவும் சேர்த்து, வைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பதிவு மாற்றத்துக்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வேலையைத் தொடங்குமுன் உங்கள் மாநில அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வாங்கிய எஃப்-350-இல் பழைய 7.3 லிட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், அதை உடனே கழற்றாதீர்கள். அதுவும் நீங்கள் தேடிய எளிய டீசல்தான். 180 குதிரைத்திறன் அளவில் அது செய்யும் வேலையே உங்களுக்குப் போதுமாக இருக்கலாம்.

கொடையாளி வண்டியாக, 1994 முதல் 1998-இன் முதற்பாதி வரையிலான ராம் 2500 அல்லது 3500 ஒன்றை, இடிபட்டதோ உடல் துருப்பிடித்ததோ ஆனாலும், முழு வண்டியாக வாங்குங்கள். தனி இன்ஜின் விலை குறைவாகத் தெரியும். ஆனால் கியர் பெட்டி, கிளட்ச், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி), இன்டர்கூலர், பிராக்கெட்டுகள், ஸ்டியரிங் பம்ப், சுழற்சி மீட்டர், சின்னச் சின்ன போல்ட்டுகள் வரை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கும்போது முழு வண்டியின் விலையைத் தாண்டிவிடும். முதல் தலைமுறை டாட்ஜைவிட இந்தத் தலைமுறை மேலானது என்பதற்குப் பம்ப்பைத் தவிர வேறு காரணமும் உண்டு. 1994-க்கு முந்தைய டாட்ஜில் முன் டிஃபரன்ஷியல் வலப்பக்கம் இருந்தது. 1994 முதல் இடப்பக்கம் வந்தது. ஃபோர்டிலும் இடப்பக்கம்தான். எனவே ராமின் என்.வி.4500 ஐந்து கியர் பெட்டியும் அதோடு வரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஃபோர்டு ஆக்சிலுக்கு நேராகவே ஷாஃப்டை நீட்டும். பழைய டாட்ஜ் டிரான்ஸ்ஃபர் கேஸை வாங்கிவிட்டால் முன் ஷாஃப்ட் சம்ப்பைக் கடந்து எதிர்ப்பக்கம் போக வேண்டியிருக்கும். அது நடவாத காரியம்.

பள்ளிப் பேருந்து, அறுவடை இயந்திரம், ஜெனரேட்டர் ஆகியவற்றிலிருந்து வரும் 6பி.டி. (இதே 5.9 லிட்டர் கம்மின்ஸின் பெயர்) இன்ஜின்களும் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் சம்ப்பின் ஆழமான பகுதி வேறு இடத்தில் இருக்கலாம். ஃப்ளைவீல் உறை பொருந்தாது. ஜெனரேட்டர் இன்ஜினின் கவர்னர் ஒரே வேகத்துக்கென்று அமைக்கப்பட்டது. ஒவ்வொரு கம்மின்ஸ் இன்ஜினிலும் முன்புறப் பல்சக்கர உறையின் பக்கத்தில் ஒரு தகடு இருக்கும்; அதிலுள்ள சி.பி.எல். எண்தான் உள்ளே எந்த பிஸ்டன், எந்த டர்போ, எந்த நாசில் என்பதைச் சொல்லும். எடுத்துக்காட்டாக 2022 என்பது 215 குதிரைத்திறன் அமைப்பு, 2023 என்பது 180. விற்பவர் சொல்வதை விட்டுவிட்டு அந்தத் தகட்டைப் படியுங்கள்.

இன்ஜினைப் பார்க்கப் போகும்போது அதைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் அது எப்படிக் கிளம்புகிறது என்பதில் பாதி விவரம் தெரிந்துவிடும். இரண்டு மூன்று சுற்றில் பிடிக்காமல் நீண்ட நேரம் சுற்றினால், பெரும்பாலும் பின்பக்க ரப்பர் குழாய்கள் வழியே காற்று நுழைந்து டீசல் டேங்குக்குத் திரும்பியிருக்கும். அது மலிவான பழுது, விலை பேசப் பயன்படும். ஆயில் மூடியைத் திறந்து, சுமை ஏற்றிய பிறகு மூச்சுக்குழாயில் வரும் புகையின் விசையைக் கவனியுங்கள். பலமாக ஊதினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். இந்தப் பிளாக்கில் தனி லைனர்கள் இல்லாததால் போரிங் செலவு தலைமேல் வரும். டர்போவின் அச்சைக் கையால் ஆட்டிப் பாருங்கள்; பம்ப்பின் மேல்பகுதியில் டீசல் கசிந்திருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, இன்ஜின் வெளியே ஸ்டாண்டில் நிற்கும்போதே செய்யவேண்டியது: முன்புற டவல் பின். டைமிங் கியர் உறையைப் பிளாக்கில் சரியாக நிறுத்துவதற்காகத் தொழிற்சாலையில் ஒரு சிறிய எஃகு முளையை அடித்திருப்பார்கள். அதைப் பிடித்துவைக்க எதுவும் இல்லாததால், பல ஆண்டு அதிர்வில் அது மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து, ஒருநாள் சுழலும் பற்களுக்கு நடுவே விழக்கூடும். விழுந்த இடம் நல்லதாக இருந்தால் சம்ப்பில் போய்க் கிடக்கும். கெட்டதாக இருந்தால் உறை உடையும், கேமின் டைமிங் போகும், வால்வுகள் பிஸ்டனில் மோதும். 12 வால்வு இன்ஜின்கள் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு. முன் மூடியைக் கழற்றி, முளையை உள்ளே தட்டி, பக்கத்து போல்ட்டின் கீழ் ஒரு சிறு தகட்டை வைத்து அது வெளியே வராதபடி மறித்துவிட்டால் போதும். அந்த நேரத்திலேயே உறையின் மற்ற போல்ட்டுகளையும் கழற்றித் திருகுப்பசை போட்டு இறுக்குங்கள். முன் ஆயில் சீலையும் மாற்றுங்கள். செய்யாமல் வண்டியில் ஏற்றிவிட்டால், பிறகு ரேடியேட்டரும் ஃபேனும் கழற்றித்தான் அந்த இடத்துக்குப் போக முடியும்.

என்.வி.4500 கியர் பெட்டிக்கும் அப்படி ஒரு பலவீனம் உண்டு. ஐந்தாவது கியரைப் பிடித்திருக்கும் நட்டு, கம்மின்ஸின் துடிப்பில் தளர்ந்து, லீவர் ஐந்தில் விழுந்தாலும் கியர் பிடிக்காத நிலை வரும். பெட்டி கையில் இருக்கும்போதே பின் உறையைக் கழற்றி, தளராத வகை நட்டு போடுவது அறிவுடைமை.

கியர் கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுவிடுங்கள், ஏனெனில் இந்த இன்ஜினின் கவர்னர் நிமிடத்துக்கு 2,500 சுற்றைத் தாண்டியதுமே டீசலைக் குறைக்கத் தொடங்கிவிடும். 32 அங்குல டயர், 0.75 விகித ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலைக்கான உச்ச கியர்), பின் ஆக்சிலின் பல் விகிதம் 3.55 என்றால் மணிக்கு 65 மைல் வேகத்தில் சுமார் 1,820 சுற்று, 4.10 என்றால் சுமார் 2,100. இரண்டுமே நல்ல இடங்கள்; 3.55-இல் டீசல் மிச்சமாகும், 4.10-இல் சுமை எளிதாக நகரும். ஓவர்டிரைவ் இல்லாத பழைய தானியங்கிப் பெட்டியை 4.10 ஆக்சிலோடு சேர்த்தால் அதே வேகத்துக்கு ஏறத்தாழ 2,800 சுற்று வேண்டும். கவர்னர் அதற்கு விடாது, அந்த வண்டி நெடுஞ்சாலைக்கு ஏறவே முடியாது. ஃபோர்டில் 1989 முதல் வந்த இ4ஓ.டி. தானியங்கிப் பெட்டிக்குக் கணினி வேண்டும் என்பதால் அதையும் தவிர்த்துவிடலாம்.

பொருத்தும் வேலையில் இடப்பிரச்சினை முன்பின்னாக வரும். வரிசை ஆறு சிலிண்டர் நீளமானது, உயரமானது. இன்ஜினைச் சங்கிலியில் தொங்கவிட்டு, சம்ப் ஆக்சிலில் இடிக்காத உயரம், பின்பக்கம் ஃபயர்வாலைத் தொடாத தூரம், முன்பக்கம் ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடைவெளி ஆகிய மூன்றும் ஒத்துவரும் இடத்தைக் கண்டபிறகே மவுண்டுகளைப் பற்றவைக்க வேண்டும். ஆக்சில் மேலே துள்ளி வரும் தூரத்தையும் கணக்கில் சேருங்கள். நின்ற நிலையில் விட்ட இடைவெளி முதல் பள்ளத்திலேயே தீர்ந்துவிடும். இன்ஜின் தூக்கியின் கையை நீட்ட நீட்ட அது தாங்கும் எடை குறையும். 500 கிலோ இன்ஜினோடு கியர் பெட்டியும் சேர்த்துத் தூக்கும்போது நீட்டிய நிலையில் தூக்கியின் மேல் எழுதியிருக்கும் அளவைத்தான் நம்ப வேண்டும். முன் கிரில்லையும் ரேடியேட்டர் சட்டத்தையும் கழற்றிவிட்டு நேராக உள்ளே தள்ளுவது, மேலே தூக்கி இறக்குவதைவிடப் பாதுகாப்பானது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுகள் இரண்டையும் வெட்டிச் சமநிலைப்படுத்த வேண்டியிருக்கும். அதை வண்டி தன் முழு எடையோடு தரையில் நிற்கும்போது அளந்து கொடுங்கள்.

டீசல் இன்ஜினில் காற்றை மறிக்கும் தட்டு இல்லாததால் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்காது. ராமின் இன்ஜினில் ஸ்டியரிங் பம்ப்போடு சேர்ந்தே வேக்குவம் பம்ப் இருக்கிறது. அதை அப்படியே பயன்படுத்தி, ஃபோர்டு ஸ்டியரிங் பெட்டிக்கு ஏற்ற உயரழுத்தக் குழாயைச் செய்துகொள்ளுங்கள். பிரேக் சம்பந்தமான எந்தக் குழாயையும் பழையதாக விடாதீர்கள்.

டீசல் குழாய்களில் கவனம் வேண்டும். அந்தக் கால ஃபோர்டு டேங்குகளில் உறிஞ்சுகுழாயின் அடிமுனையிலுள்ள பிளாஸ்டிக் பகுதி காலப்போக்கில் உடைந்து விழுந்துவிடும். அப்போது டேங்கில் கால் பங்கு டீசல் இருக்கும்போதே காற்றை இழுக்கும். இன்ஜினில் குறை என்று நினைத்துப் பம்ப்பைக் கழற்றியவர்கள் பலர். டேங்குகளை இறக்கி இதைப் பார்த்துவிடுங்கள். ரப்பர் இணைப்புகள் எல்லாவற்றையும் புதிதாக்குங்கள்.

மின்வேலை கொஞ்சமே, ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பி7100-இன் நிறுத்தும் சோலனாய்டுக்குள் இரண்டு சுருள்கள்: லீவரை மேலே இழுக்க அதிக மின்சாரம் குடிக்கும் ஒன்று, இழுத்த நிலையில் பிடித்துவைக்கச் சிறிதளவே எடுக்கும் இன்னொன்று. இழுக்கும் சுருளுக்கு ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் மட்டும், ரிலே வழியாக மின்சாரம் தர வேண்டும். இணைப்புக் கம்பியின் நீளம் சரியில்லாமல் சோலனாய்டு தன் எல்லை வரை போய் உட்காராவிட்டால், பிடிக்கும் சுருளால் லீவரைத் தாங்க முடியாது. இந்தத் தொல்லை வேண்டாமென்றால் ஓட்டுநர் இருக்கையிலிருந்து கையால் இழுக்கும் கம்பி போடலாம். நான் அதையே விரும்புகிறேன். காற்றுச் சூடேற்றும் வலைக்குத் தடித்த கேபிள்களும் ரிலேக்களும், டாஷ்போர்டில் ஒரு பொத்தானும் போதும்.

முதல்முறை கிளப்பும்போது அவசரம் கூடாது. 15டபிள்யூ-40 ஆயில் சுமார் 10.4 லிட்டர் ஊற்றி, டர்போவின் ஆயில் வாயிலும் கொஞ்சம் விட்டு, டீசல் லீவரை நிறுத்திய நிலையிலேயே வைத்து, ஆயில் அழுத்தம் மீட்டரில் ஏறும்வரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிறகு, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் லிஃப்ட் பம்ப்பின் கைப்பொத்தானை அழுத்தி டீசலை ஏற்றி, நாசில் குழாய்களின் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். அந்த இடத்தில் கையை நீட்டாதீர்கள், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பம்ப்பின் ரேக் சிக்கிக்கொண்டால் இந்த இன்ஜின் சாவியை அணைத்தாலும் நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போய்த் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும். அதற்காக டர்போவின் காற்றுக்குழாயைக் கழற்றிவைத்து, வாயை முழுவதும் மூடும் அளவுக்கு ஒரு தடித்த பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கையாலோ துணியாலோ மூட முயலக் கூடாது.

கிளம்பி, சூடாகி, ஆறிய பிறகு டேப்பெட் இடைவெளியைப் பாருங்கள்: குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.51 மில்லிமீட்டர். முதல் சில நூறு மைல்களில் மவுண்டு போல்ட்டுகள், கியர் பெட்டி போல்ட்டுகள், இன்டர்கூலர் குழாய்களின் பட்டைகள் எல்லாம் ஒருமுறை தளரும். அவற்றை மறுபடி இறுக்கிய பிறகே டிரெய்லரைப் பூட்டுங்கள். சுமை ஏற்றும் முதல் நாளில் ஏற்றமில்லாத சாலையைத் தேர்ந்து, வெப்பமானியையும் கூலன்ட் முள்ளையும் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். ஃபோர்டு ரேடியேட்டர் இந்த இன்ஜினுக்குப் போதுமா, பெரியது வேண்டுமா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.